இந்த மூளை செல் யாரு? ஜீனைப் பாத்து அடையாளம் கண்டுபிடிக்க புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இதுக்கு லேப் வேணாம், மைக்ரோஸ்கோப் வேணாம், எலி வேணாம். 8 ஜிபி ரேம் இருக்கிற சாதா லேப்டாப் ஒண்ணு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். பயாலஜி படிச்ச பசங்க கோடிங்குக்கு பயந்தும், கோடிங் தெரிஞ்ச பசங்க ஜீன் பேருக்கு பயந்தும் இந்தப் பக்கமே வராம போயிடறாங்க, அது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா பெரிய பெரிய லேப்கள் வருஷக்கணக்குல உக்காந்து எடுத்த மூளை செல் டேட்டா இப்ப ஃப்ரீயா கெடக்கு, யார் வேணா எறக்கிப் பாக்கலாம். அதனால நான் கத்துக்கிட்ட வரிசையிலயே, எங்க எங்க தப்பு பண்ணேன்னும் சேத்து எழுதறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மனசுல ஏத்திக்க வேண்டியது

மனுஷ மூளையில சுமார் 8,600 கோடி நியூரான் இருக்கு. எல்லாத்துக்குள்ளயும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். உங்க தோல்ல, ஈரல்ல இருக்கிற செல்லுலயும் அதேதான். புரோட்டீன் செய்ற ஜீன் மட்டும் சுமார் 20,000 அதுல இருக்கு. அப்புறம் எப்படி ஒரு செல் வலிய கடத்துது, இன்னொண்ணு டோபமைன் சுரக்குது, மூணாவது ஒண்ணு பக்கத்து செல்ல அடக்கி வைக்குது? எந்த ஜீன் எல்லாம் ஆன்ல இருக்கு, எதெல்லாம் ஆஃப்ல இருக்குங்கறதுதான் வித்தியாசம்.

பாட்டு கேக்கறவங்களுக்கு இத ஈசியா சொல்லலாம். சுரம் எல்லாருக்கும் அதே ஏழுதான். மோகனம்னா ச ரி க ப த. அதுல மத்யமமும் நிஷாதமும் வரவே கூடாது, வந்துச்சுன்னா அது மோகனம் இல்ல, வேற ராகம். என்னென்ன சுரம் வருதுங்கறது எவ்வளவு முக்கியமோ எது வராதுங்கறதும் அவ்வளவு முக்கியம். மூளை செல்லும் அப்படித்தான், இத மறந்துட்டுதான் புதுசா வர்றவங்க பாதிப் பேர் ‘எந்த ஜீன் ஆன்’னு மட்டும் தேடிட்டு உக்காந்திருக்காங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்.

மொதல் படி: சின்ன டேட்டாவா எடுங்க

எடுத்த எடுப்புல பெருசுக்கு போகாதீங்க. எலியோட முழு மூளையும் 2023ல போட்டாங்க, சுமார் 40 லட்சம் செல், அதுல 5,322 கிளஸ்டர், அதாவது ஒரே மாதிரி ஜீன் ஆன்ல இருக்கிற செல் கூட்டம். அத லேப்டாப்ல தொறந்தா மெஷின் படுத்துடும், நீங்களும் வெறுத்துடுவீங்க.

அதுக்கு பதிலா 2015ல ஸ்டாக்ஹோம்ல இருக்கிற கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்ல ஸ்டென் லின்னார்சன் குழு வெளியிட்ட எலி டேட்டாவ எடுங்க. மொத்தமே 3,005 செல். ரெண்டு இடத்துலேந்து எடுத்தது, ஒண்ணு மூளையோட வெளி அடுக்கான கார்டெக்ஸ்ல தொடு உணர்ச்சிக்கான பகுதி, இன்னொண்ணு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ்ல சிஏ1ங்கற பகுதி. ஒரு ஒரு செல்லுக்கும் கிட்டத்தட்ட 20,000 ஜீன், ஒரு ஒரு கட்டத்துலயும் ஒரு நம்பர், அந்த ஜீனோட ஆர்என்ஏ மூலக்கூறு எத்தனை மாட்டுச்சுங்கற கணக்கு. ஜீன் ஆன்ல இருந்தா செல் அதுலேந்து எடுக்கற நகல்தான் ஆர்என்ஏ. எக்செல் ஷீட் மாதிரிதான், பெருசு, அவ்வளவுதான். பைத்தான்ல ஸ்கேன்பைன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, ஆர் தெரிஞ்சவங்களுக்கு சூராட் இருக்கு, லேப்டாப் ரொம்ப பழசுன்னா கூகுள் கோலாப்ல ஓட்டுங்க. கோடிங் சுத்தமா வேணாம்னா சியாட்டில்ல இருக்கிற ஆலன் இன்ஸ்டிட்யூட்டோட மூளை செல் அட்லஸ பிரவுசர்லயே தொறந்து ஜீன் பேர அடிச்சா கலர் மாறி காட்டும், கீழ நான் சொல்ற ஜீன் பேருங்கள அதுலயும் தேடிப் பாக்கலாம்.

பேர எல்லாம் நான் இங்க தமிழ்ல எழுதறேன், நீங்க தேடும்போது அதே எழுத்த இங்கிலீஷ்ல அடிங்க. எலி ஜீனுக்கு மொத எழுத்து மட்டும் பெருசு, மீதி சின்னது. மனுஷ ஜீன்னா முழுக்க பெரிய எழுத்து. இது தெரியாம ‘ஜீனே இல்ல’ன்னு எர்ரர் வாங்கி ஒரு சாயங்காலமே போச்சு எனக்கு.

ரெண்டாவது படி: சைபர நம்பாதீங்க

ஷீட்ட தொறந்த உடனே பயம் வரும், எங்க பாத்தாலும் 0. இதுல ரெண்டு வகை சைபர் கலந்திருக்கு. ஒண்ணு, அந்த ஜீன் நெஜமாவே ஆஃப். இன்னொண்ணு, ஜீன் ஆன்லதான் இருக்கு ஆனா மாட்டல. செல்ல உடைச்சு ஆர்என்ஏ புடிக்கிறப்ப உள்ள இருக்கிறதுல ஒரு சின்ன பங்குதான் கைக்கு வரும், கொறைவா இருக்கிற ஆர்என்ஏ நழுவிடும். அதனால ஒரு செல்லுல ஒரு ஜீன் சைபர்ங்கறதுக்கு பெருசா அர்த்தம் இல்ல, ஒரே மாதிரி இருக்கிற 200 செல்லுலயும் அது சைபர்னா அப்பதான் அர்த்தம் இருக்கு. ‘ஆஃப்’ முக்கியம்னு மேல சொன்னேன் இல்ல, அத தனி செல்ல வச்சு சொல்ல முடியாது, கூட்டத்த வச்சுதான் சொல்ல முடியும். இத மொதல்லயே புரிஞ்சிக்கிட்டா பின்னாடி நெறைய குழப்பம் மிச்சம்.

மூணாவது படி: குப்பைய எடுக்கறது, ஆனா பாத்து எடுக்கறது

செத்துப்போன செல், ஒடஞ்ச செல் எல்லாம் டேட்டாவுல வரும். மைட்டோகாண்ட்ரியா ஜீன் பங்கு ரொம்ப அதிகமா இருந்தா அந்த செல் கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், எடுத்துடுங்க. மொத்த ஆர்என்ஏ ரொம்ப கம்மியா இருக்கிறதையும் எடுக்கச் சொல்லி எல்லா டுடோரியல்லயும் இருக்கும், அங்கதான் ஜாக்கிரதை. கார்டெக்ஸ்ல பிரமிட் வடிவத்துல இருக்கிற பெரிய பிரமிடல் நியூரான்ல ஆர்என்ஏ ஏராளம், மூளையோட காவல்காரனான மைக்ரோக்லியா மாதிரி குட்டி செல்லுல இயல்பாவே கம்மி. ரத்த செல் டேட்டாவுக்கோ வேற எதுக்கோ போட்ட கட்-ஆஃப்ப காப்பி பண்ணி இங்க போட்டீங்கன்னா மைக்ரோக்லியா மொத்தமும் காணாம போயிடும், அப்புறம் ‘இந்த டேட்டாவுல அது இல்ல’ன்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. எனக்கு அதுதான் நடந்துச்சு.

இன்னொண்ணு டபுளட். ரெண்டு செல் ஒட்டிக்கிட்டு ஒரே செல்லா கணக்குல வர்றது. நியூரான் மார்க்கரும் (ஒரு செல் வகைய காட்டிக் குடுக்கற ஜீன்தான் மார்க்கர்) நரம்புக்கு மேலுறை சுத்துற ஆலிகோடெண்ட்ரோசைட் மார்க்கரும் ஒரே செல்லுல பலமா இருந்தா ‘புது செல் டைப் கண்டுபிடிச்சிட்டேன்’னு குதிக்காதீங்க, மொதல்ல டபுளட்டான்னு பாருங்க.

நாலாவது படி: கிளஸ்டர் போடறது

இது மெஷின் வேலை, சீக்கிரம் கடந்து போகலாம். நார்மலைஸ் பண்ணுங்க, லாக் எடுங்க, செல்லுக்கு செல் அதிகமா மாறுற ஒரு 2,000 ஜீன் மட்டும் பொறுக்குங்க, அந்த நம்பரெல்லாம் சுருக்க பிசிஏ, அப்புறம் பக்கத்து செல் யாருன்னு கிராஃப், அப்புறம் கூட்டம் கூட்டமா பிரிக்க லைடன் கிளஸ்டரிங், கடைசியா எல்லா செல்லயும் புள்ளியா காட்டற யூமாப் படம். யூமாப்ல தீவு தீவா அழகா தெரியும், ஆனா ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் நடுவுல இருக்கிற தூரத்த அளந்து ‘இவங்க ரொம்ப தூரத்து சொந்தம்’னு கதை கட்டாதீங்க. அந்த படம் பக்கத்துல இருக்கிறவங்கள காட்டத்தான், தூரத்த சரியா காட்ட இல்ல.

அஞ்சாவது படி: பேர் வைக்கறது, இங்கதான் உண்மையான வேலை

கிளஸ்டருக்கு மெஷின் 0, 1, 2ன்னு நம்பர் மட்டும்தான் குடுக்கும். யாருன்னு நீங்கதான் கேள்வி கேட்டு கண்டுபிடிக்கணும். ஒரே கேள்விய எல்லார்கிட்டயும் கேக்காம, மேலேந்து கீழ ஒரு ஒரு கிளையா பிரிச்சு கேளுங்க.

மொத கேள்வி, நீ நியூரானா இல்லையா? ஸ்நாப்25ங்கற ஜீன் நியூரான்ல பலமா ஆன்ல இருக்கும், செல்லும் செல்லும் பேசிக்கற இடமான சைனாப்ஸ்ல ரசாயனத்த வெளிய விடற மெஷின்ல அது ஒரு பாகம், அதனால பேச வேண்டிய செல்லுக்கு அது வேணும். ஆர்பிஃபாக்ஸ்3யும் பாருங்க, லேப்ல நியூஎன்னு சாயம் போட்டு நியூரான காட்டறாங்களே அந்த புரோட்டீன் இந்த ஜீன்தான்.

நியூரான் இல்லன்னா அப்ப யாரு? அல்டாக், ஏக்யூபி4 ரெண்டும் தூக்கலா இருந்தா நியூரானுக்கு ஒத்தாசை பண்ற ஆஸ்ட்ரோசைட். எம்பிபி, பிஎல்பி1 இருந்தா ஆலிகோடெண்ட்ரோசைட், ரெண்டுமே மயலின் உறைக்கு வேண்டிய புரோட்டீன். ஏஐஎஃப்1, பி2ஆர்ஒய்12 இருந்தா மைக்ரோக்லியா. சிஎல்டிஎன்5 இருந்தா ரத்தக்குழாய் சுவர் செல், ரத்தத்துலேந்து கண்டது மூளைக்குள்ள போகாம தடுக்கற இறுக்கமான தையலுக்கு அந்த புரோட்டீன் வேணும். பாருங்க, மார்க்கர்னா ஏதோ பேர் பட்டியல் மனப்பாடம் பண்றது இல்ல, பெரும்பாலும் அந்த செல் செய்ற வேலையே அந்த ஜீன்லதான் இருக்கு, அப்படி புடிச்சுக்கிட்டா மறக்கவே மறக்காது.

நியூரான்னா அடுத்த கேள்வி, நீ தூண்டறவனா அடக்கறவனா? எஸ்எல்சி17ஏ7 இருந்தா குளூட்டமேட்ங்கற ரசாயனத்த விடற செல், அதாவது தூண்டறது. ஜிஏடி1, ஜிஏடி2 இருந்தா காபாங்கற ரசாயனத்த செய்ற என்சைம் இருக்குன்னு அர்த்தம், அடக்கறது. தூண்டற கூட்டத்துல டிபிஆர்1 இருந்தா கார்டெக்ஸ் பக்கம், ஸ்பிங்க்8 இருந்தா சிஏ1.

இத செஞ்சு முடிச்சா லின்னார்சன் குழு குடுத்திருக்கிற விடையோட ஒத்துப் பாருங்க. சிஏ1 பிரமிடல் 939, ஆலிகோடெண்ட்ரோசைட் 820, கார்டெக்ஸ் பிரமிடல் 399, அடக்கற இன்டர்நியூரான் 290, ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது 235, ஆஸ்ட்ரோசைட்டும் அதோட சேந்ததும் 224, மைக்ரோக்லியா 98. உங்களுக்கு முப்பது நாப்பது முன்ன பின்ன வந்தா கவலை வேணாம். ஆனா இந்த எண்ணிக்கைய வச்சு மூளையில இவ்வளவு சதவீதம் இதுதான்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, திசுவ கரைக்கறப்ப சில செல் பொழைக்கும், சில செல் செதஞ்சு போயிடும், பொழைச்சு வந்தவங்க கணக்குதான் இது.

ஆறாவது படி: அந்த 290 பேர மட்டும் தனியா எடுங்க

எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இது. இன்டர்நியூரான் 290ஐயும் தனியா பிரிச்சு நாலாவது படிய மறுபடி ஓட்டுங்க. முன்ன ஒரே உருண்டையா தெரிஞ்சது இப்ப பிரியும். கார்டெக்ஸ்ல இந்த கூட்டத்துக்கு நாலு பெரிய குடும்பம், பார்வால்புமின், சொமாட்டோஸ்டாட்டின், விஐபி, லேம்ப்5. விஐபின்னா பெரிய மனுஷன்னு அர்த்தம் இல்ல, வாசோஆக்டிவ் இன்டஸ்டைனல் பெப்டைடுங்கறதோட சுருக்கம், குடல்லதான் மொதல்ல கண்டுபிடிச்சாங்க, அந்த பேர் மூளைக்கும் ஒட்டிக்கிச்சு.

பேர் மட்டும் இல்லாம குணமும் வேற. பார்வால்புமின் கூட்டத்துல பெரும்பாலானது படபடன்னு ரொம்ப வேகமா சுடும், அதுக்கு கேவி3 வகை பொட்டாசியம் சேனல் வேணும், டேட்டாவுல கேசிஎன்சி1 ஜீன போட்டுப் பாருங்க, அந்த கிளஸ்டர்ல கலர் ஏறும். அதுல பாஸ்கெட் செல்னு ஒண்ணு தான் அடக்கற செல்லோட உடம்பு மேலயே போய் பிடி போடும். சொமாட்டோஸ்டாட்டின் கூட்டத்துல மார்ட்டினோட்டி செல் கார்டெக்ஸோட மேல் அடுக்கு வரைக்கும் ஆக்ஸான், அதாவது சேதி அனுப்பற நீள வால அனுப்பி பிரமிடல் செல்லோட கிளைநுனிய அமுக்கும். விஐபி பெரும்பாலும் சொமாட்டோஸ்டாட்டின அமுக்கும், அடக்கறவன அடக்கறதுன்னா கடைசியில பிரமிடல் செல்லுக்கு விடுதலை. ஜீன் ஷீட்ல நாலு கலர் புள்ளி, மூளைக்குள்ள நாலு தனித்தனி உத்தியோகம்.

இங்க ஒரு பாடம். எல்எச்எக்ஸ்6ங்கற ஜீன போட்டுப் பாருங்க. பார்வால்புமின், சொமாட்டோஸ்டாட்டின் ரெண்டுலயும் எரியும், விஐபில பொதுவா எரியாது. காரணம் பொறந்த இடம். கரு வளர்றப்ப மொத ரெண்டு குடும்பமும் மூளையோட அடிப்பக்கம் எம்ஜிஇங்கற மேட்டுல பொறந்து கார்டெக்ஸுக்கு நடந்தே வருது, விஐபி கூட்டம் சிஜிஇங்கற வேற மேட்டுலேந்து வருது. எம்ஜிஇல பொறக்கறப்ப என்கேஎக்ஸ்2-1னு ஒரு ஜீன் ஆன் ஆகி எல்எச்எக்ஸ்6ஐ தொடங்கி வைக்கும், ஆனா கார்டெக்ஸுக்கு கெளம்பற செல்லுல என்கேஎக்ஸ்2-1 அணைஞ்சிடும். வளர்ந்த எலியோட டேட்டாவுல அத தேடினா கார்டெக்ஸ் இன்டர்நியூரான்ல கெடைக்காது. அடையாளத்த எழுதி வச்சவன் போயிட்டான், எழுத்து மட்டும் இருக்கு. உங்க ஷீட் ஒரு நேரத்துல எடுத்த போட்டோங்கறத எப்பவும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏழாவது படி: யார் ஆர்டர் போடறாங்கன்னு தேடுங்க

ஸ்நாப்25, ஜிஏடி1 எல்லாம் வேலைக்காரங்க. அவங்கள ஆன் பண்ண, ஆஃப் பண்ண உத்தரவு போடற புரோட்டீனுக்கு ட்ரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேர், மேல சொன்ன எல்எச்எக்ஸ்6ம் என்கேஎக்ஸ்2-1ம் அந்த ரகம்தான். இவங்களோட ஆர்என்ஏ அளவு கொறைவாத்தான் இருக்கும், டாப் மார்க்கர் லிஸ்ட்ல மேல வர மாட்டாங்க, தனியா பேர் சொல்லித் தேடணும்.

கார்டெக்ஸ்ல ரெண்டு பேர தெரிஞ்சிக்கிட்டா போதும். ஃபெஸ்எஃப்2 இல்லாத எலிக்கு கார்டெக்ஸ்லேந்து தண்டுவடத்துக்கு போற பாதை உருவாகறதே இல்ல, 2005ல காட்டினாங்க. சாட்பி2 இதுக்கு எதிர் பக்கம். ரெண்டு அரைமூளையயும் இணைக்கற நியூரான்ல அது உக்காந்து, தண்டுவடம் பக்கம் போகச் சொல்ற சிடிஐபி2ங்கற ஜீன (டேட்டாவுல இது பிசிஎல்11பிங்கற பேர்ல இருக்கும்) அமுக்கி வைக்குது. சாட்பி2வ எடுத்துட்டா சிடிஐபி2 தலைதூக்கும், எதிர்ப்பக்கம் போக வேண்டிய ஆக்ஸான் பாதை மாறி கீழ எறங்கிடும், இது 2008ல வந்த முடிவு. மோகனத்துல நிஷாதம் நுழைஞ்ச கதைதான். அந்த செல்லுக்கு ‘நான் யாரு’ங்கறது ஒரு ஜீன் ஆஃப்ல இருக்கிறதுல தொங்கிட்டு இருக்கு.

பெரியவங்க ஆனப்புறமும் இந்த உத்தரவு நிக்கறது இல்ல. நர்1ங்கற ஃபேக்டர (டேட்டாவுல பேர் என்ஆர்4ஏ2) வளர்ந்த எலியோட டோபமைன் நியூரான்ல எடுத்தாக்கூட அந்த செல் டோபமைனுக்கான ஜீன்கள மெல்ல மெல்ல இழக்குது. அடையாளம் ஒரு தடவ முத்திரை குத்தி வச்சது இல்ல, உயிரோட இருக்கிற வரைக்கும் தெனம் அத புடிச்சுக்கிட்டே இருக்கணும். மொத தடவ இத படிச்சப்ப ரெண்டு நாள் வேற எதுவும் யோசிக்கவே முடியல.

இதோட சுத்தமான உதாரணம் வேணும்னா சி. எலிகன்ஸ் புழுவுக்கு போங்க. 1 மில்லிமீட்டர் நீளம், 302 நியூரான், எல்லாத்துக்கும் பேர் இருக்கு, 118 வகை. 2020ல ஆலிவர் ஹோபர்ட் குழு காட்டினது என்னன்னா ஹோமியோபாக்ஸ்னு ஒரே ஒரு ஜீன் குடும்பம், நூத்திச் சொச்சம் பேர் இருக்கிற குடும்பம், அதுல எது எது ஆன்ங்கற கூட்டணிய மட்டும் வச்சு 118 வகையயும் ஒண்ணுக்கொண்ணு பிரிச்சுடலாம். தொட்டா உணர்ற ஆறு நியூரான எடுத்துக்கோங்க. அன்சி-86, மெக்-3 ரெண்டும் ஜோடி சேந்தாதான் அந்த ஆறும் உருவாகும். அன்சி-86 தனியா நெறைய நியூரான்ல இருக்கு, அங்கெல்லாம் வேற கூட்டாளி, அதனால வேற வேலை. ஜீன் கம்மி, செல் அதிகம், கணக்கு எப்படி சரியா வருதுன்னா இப்படித்தான்.

எட்டாவது படி: ஒரே வகைக்குள்ளயே தனி ஆள்

இதுவரைக்கும் பாத்தது வகை. ஒரே வகையில பக்கத்து பக்கத்துல நிக்கற ரெண்டு செல், ‘இது என் கிளை, அது உன் கிளை’ன்னு எப்படி தெரிஞ்சிக்கும்? முதுகெலும்பு உள்ளதுல புரோட்டோகேட்ஹெரின்னு ஒரு ஜீன் கூட்டம், எலில 58. ஒரு ஒரு நியூரானும் அதுலேந்து சிலத கிட்டத்தட்ட குலுக்கல் முறையில எடுத்து ஆன் பண்ணிக்குது, அந்த சேர்க்கை அதோட மேல்தோல்ல முத்திரையா நிக்குது. அதே முத்திரை எதிர்ல வந்தா ‘இது நானே’ன்னு வெலகிடும். பழ ஈல இந்த வேலைய டிஸ்கேம்1ங்கற ஒத்த ஜீன் பண்ணுது, அத வெட்டி ஒட்டற விதத்துல 38,016 வடிவம் வரலாம்.

உங்க டேட்டாவுல இத பாக்க ஆசை வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா இப்ப பரவலா இருக்கிற முறைகள் பலது ஆர்என்ஏவோட வால் பக்கத்த மட்டும்தான் படிக்குது, புரோட்டோகேட்ஹெரின் ஆல்ஃபா, காமா கூட்டத்துல வித்தியாசம் தலைப்பக்கம் இருக்கு, வால் எல்லாத்துக்கும் பொது. அதனால யார் யாருன்னு அங்க பிரிக்க முடியாது. எந்த முறையில எடுத்த டேட்டான்னு பாத்துட்டு கேள்வி கேளுங்க.

ஒம்பதாவது படி: சந்தேகப்படுங்க

புதுசா ஒரு கிளஸ்டர் வந்தா உடனே மூணு விஷயம் பாருங்க. ஃபாஸ், ஜுன், ஈஜிஆர்1 தூக்கலா இருக்கா? அப்ப அது செல்ல பிரிக்கறப்ப வந்த அதிர்ச்சியா இருக்கலாம், அடையாளம் இல்ல. எக்ஸ்ஐஎஸ்டியால மட்டும் பிரியுதா? அப்ப ஆண் எலி பெண் எலி வித்தியாசம். ஒரே ஒரு எலிலேந்து மட்டும் வந்துச்சா? விட்டுடுங்க.

இதெல்லாம் தாண்டியும் நின்னுச்சுன்னா செல் இருக்கிற இடத்த பாருங்க. ஆலன் இன்ஸ்டிட்யூட் சுமார் 20,000 ஜீன எலி மூளைத் துண்டுங்க மேல ஒண்ணொண்ணா சாயம் போட்டு படம் எடுத்து வச்சிருக்காங்க, 2006லயே முடிச்சிட்டாங்க, இலவசம். உங்க மார்க்கர அதுல தேடுங்க. ஷீட்ல ஒரே கூட்டமா தெரிஞ்ச ஜீன், படத்துல ஒரே ஒரு அடுக்குல மட்டும் கோடு போட்ட மாதிரி நிக்கறத பாக்கறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இவ்வளவும் பண்ணலாம்.

இதுக்கப்புறம் எங்க போறது

மனுஷ மூளைக்கு போங்க. 2023ல வந்த மனுஷ மூளை அட்லஸ்ல 30 லட்சத்துக்கு மேல நியூக்ளியஸ், அதாவது செல்லோட உட்கரு, 461 கிளஸ்டர், அதுக்குள்ள 3,313 உட்பிரிவு. செல்லுக்கு பதிலா நியூக்ளியஸ் எடுக்கறதுக்கு காரணம், உறைய வச்ச மூளையில செல்ல முழுசா பிரிச்சு எடுக்க முடியாது, கிளை எல்லாம் ஒடஞ்சிடும், உட்கரு மட்டும் தாங்கும். அது முழுசும் வேணாம், ஒரு சின்ன பகுதிய மட்டும் எறக்குங்க.

இல்லன்னா நடுமூளை டோபமைன் நியூரான் டேட்டா, 2022ல வந்தது, பார்கின்சன் நோய் சம்பந்தப்பட்டது. அந்த நோய்ல நடுமூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ராங்கற பகுதியோட டோபமைன் செல் சாகுதுன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க. ஆனா அங்க இருக்கிறது பத்து விதமான டோபமைன் நியூரான், எல்லாம் சமமா சாகல, ஏஜிடிஆர்1 ஜீன் ஆன்ல இருக்கிற ஒரு கூட்டம்தான் அதிகமா அழியுது. எங்க வீட்டுலயே ஒரு பெரியவருக்கு கை நடுக்கம் இருக்கறதால இத நான் திரும்ப திரும்ப தொறந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அந்த டேட்டாவும் பொதுவுல இருக்கு. டிஎச் ஜீன்ல ஆரம்பிங்க, அது டோபமைன் செய்ற என்சைம், அது எரியற செல்ல மட்டும் தனியா எடுத்து ஆறாவது படில சொன்ன மாதிரி மறுபடி பிரிங்க, பிரிச்சப்புறம் ஏஜிடிஆர்1ஐ போடுங்க, மனுஷ டேட்டா, அதனால பெரிய எழுத்துல.